மிச்சம் பிறகு வரும்

2016 பெப்ரவரி 16ஆம் திகதி ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தின் ஐந்தாம் பாகத்தைக் கப்கொம் நிறுவனம் வெளியிட்டது. வட்டைப் போட்டவர்கள் முதலில் தேடியது ஆர்கேட் மோடை. ஒரு வீரரைத் தேர்ந்துகொண்டு, இயந்திரம் அனுப்பும் எதிரிகளை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தி, கடைசிப் பெரிய எதிரியையும் சாய்த்துவிட்டு, அந்த வீரரின் கதை எப்படி முடிகிறது என்று பார்க்கும் பகுதி அது. 1991இல் இரண்டாம் பாகம் வந்த காலம் தொட்டு, தனியாக உட்கார்ந்து ஆடும் பிள்ளைக்குச் சண்டை ஆட்டம் என்றால் அதுதான். ஐந்தாம் பாகத்தில் அது இல்லை. 16 வீரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சில சுற்றுகளில் முடிந்துவிடும் சிறிய கதைத் துண்டு இருந்தது. எத்தனை பேர் வரை தாக்குப்பிடிக்கலாம் என்று பார்க்கும் போட்டி ஒன்றும் பயிற்சிக் களமும் இருந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் எதிராளியைத் தேடிப் பிடிப்பதற்கானவை. சேர்வர்கள் விழுந்தும் எழும்பியும் கொண்டிருந்ததால் முதல் நாட்களில் அந்தத் தேடலும் ஒழுங்காக நடக்கவில்லை.

மிச்சம் பிறகு வரும் என்று சொன்னார்கள். வந்ததுதான். முழுநீளக் கதைப் பகுதி நான்கரை மாதம் கழித்து இலவச அப்டேட்டாக வந்தது. ஆர்கேட் மோட் வந்தபோது 2018 ஜனவரி ஆகிவிட்டிருந்தது. 2016 மார்ச் முடிவுக்குள் 20 இலட்சம் பிரதிகள் போகும் என்று கப்கொம் கணக்குப் போட்டிருந்தது; 14 இலட்சம்தான் போயின. அறுபது டொலரை வாங்கிக்கொண்டு பாதி ஆட்டத்தைத் தந்தார்கள் என்று உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். கப்கொம் தானே நடத்தும் தொழில்முறைப் போட்டிப் பருவம் அந்த வருடத்தின் முற்பகுதியில் தொடங்கவிருந்தது. அவசரத்துக்கு ரசிகர்கள் கண்ட காரணம் அது. போட்டிக்குப் போகிறவருக்கு வேண்டியது தயாராக இருந்தது. போட்டிக்குப் போகாதவருக்கு வேண்டியது தயாராகவில்லை. இருவரிடமும் வாங்கிய விலை ஒன்று.

அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் அதை உரக்கச் சொன்னவர்களில் பெரும்பாலோர், மிச்சம் வந்து சேரக்கூடிய ஊர்களில் இருந்தவர்கள். இரவு பெட்டியை இணைப்பில் விட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் ஆட்டம் வளர்ந்திருக்கும். காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி குறைந்த ஒரு கரையிலிருந்து இதைப் பார்த்தால், குறையின் அளவே வேறாகத் தெரிகிறது.

இலங்கையில் கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து புத்தளம், முந்தல், உடப்பு என்று சிலாபம் வரை இறங்கும் எங்கள் கரையோரத்துக்கு வீடியோ கேம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. உம்மாவோ வாப்பாவோ சவூதியில், குவைத்தில், கட்டாரில் உழைத்த வீடுகளில், விடுமுறைக்கு வரும்போது பேரீச்சம்பழம், டேங், கம்பளிப் போர்வை இவற்றுக்கு நடுவே ஒரு பிளேஸ்டேஷனும் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் இல்லாத வருடங்களுக்கு ஈடாக அந்தச் சாமான் வந்தது என்பது பிள்ளைக்கும் தெரியும், கொண்டுவந்தவருக்கும் தெரியும். அதனால்தான் அதற்குள் இருக்கும் ஆட்டம் முழுதாக இருக்கிறதா என்பது இங்கே வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்ததில்லை.

சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்குத் திறக்க வேண்டுமென்றால் முதலில் நாட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் சவூதி இருக்கிறது, குவைத் இருக்கிறது, இந்தியா இருக்கிறது. இலங்கை இல்லை. ஆகவே கற்பிட்டியில் உள்ள பிள்ளை, தான் றியாத்தில் குடியிருப்பதாகச் சொல்லித்தான் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கிறது. பொய் சொல்ல விருப்பமிருந்து சொன்ன பொய்யில்லை. வேறு வாசல் இல்லை. காசு கட்டும் வழியும் அப்படியே. அங்கே வேலை செய்பவர் அந்த நாட்டுக் காசுக்குரிய அட்டையை வாங்கி, மேற்பூச்சைச் சுரண்டி, இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு பூட்டு உண்டு. வட்டு எந்த நாட்டில் வாங்கியதாக இருந்தாலும் பிளேஸ்டேஷன் 4இல் ஓடும். ஆனால் பிறகு காசு கொடுத்து வாங்கும் மேலதிக வீரர்கள் அப்படி ஓடமாட்டார்கள். வட்டு எந்தப் பிராந்தியத்துக்காக அச்சிடப்பட்டதோ, அதே பிராந்தியத்துக் கணக்கில் வாங்கிய பகுதிதான் அதோடு ஒட்டும். கொழும்புக் கடையில் எடுத்த வட்டு ஆசியப் பதிப்பாக இருக்கலாம், அமெரிக்கப் பதிப்பாகவும் இருக்கலாம். கையிலிருக்கும் கணக்கோ சவூதிக் கணக்கு. வாப்பா அனுப்பிய அட்டைக் காசு கணக்கில் ஏறியிருக்கும், வீரர் வாங்கப்பட்டிருப்பார், ஆட்டத்துக்குள் மட்டும் வரமாட்டார். ஆட்டம் முழுதாக ஒரே வட்டில் இருந்த காலத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமே இருக்கவில்லை. துண்டு துண்டாக விற்கத் தொடங்கியதோடு ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எல்லைக் காவல் வந்துவிட்டது.

அளவையும் சொல்ல வேண்டும். பழைய சண்டை ஆட்டமான டெக்கன் 3 ஒரே சீடியில் அடங்கியது. 700 மெகாபைட்டுக்கும் குறைவு. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8, கணினியில் கேட்கும் இடம் 100 கிகாபைட். தொலைபேசிக்கு ரீலோட் பண்ணி அந்த டேட்டாவைப் பிள்ளைகளின் சூம் வகுப்புக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் பங்கிட்ட வீடுகளில், சில கிகாபைட் அப்டேட் ஒன்றே ஒரு மாதச் செலவுத் தீர்மானம். 2016இல் 60 டொலர் என்றால் இங்கே ஏறத்தாழ 8,600 ரூபா. டெக்கன் 8இன் 70 டொலர் 22,000 ரூபாவைத் தாண்டியது. இடையில் 2022இல் ரூபா எப்படிச் சரிந்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கரண்ட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் எங்கள் குடாநாட்டின் நுரைச்சோலையில் நிற்கிறது; மூன்று பிரிவுகள், 900 மெகாவொட். அதன் நிலக்கரித் தூசி விழும் தூரத்தில் உள்ள வீடுகளும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் இருந்தன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஐந்து வெளிவந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2016 மார்ச் 13இல், தீவு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. கரண்ட் போனால் எந்த ஆட்டமும் நிற்கும். அதற்குக் கப்கொம்மைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்டம் தனியாக ஆடும் பகுதியிலும் சேர்வரோடு பேசிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாருமில்லாமல் இயந்திரத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், நடுச்சண்டையிலிருந்து தூக்கி முகப்புக்கு எறிந்துவிடும். இணைப்பில்லாமல் ஆடினால், புதிய வீரர்களைத் திறப்பதற்கான ஆட்டக்காசு சேராது. இதை வடிவமைத்த அறையில், இணைப்பு அறுவது சாதாரணமாக நடக்கும் ஊரிலிருந்து ஒருவராவது உட்கார்ந்திருந்தால் இப்படி வந்திருக்காது.

டெக்கன் 3 எங்களுக்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் கேம் கடை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டின் முன்னறை. இரண்டு மூன்று டிவி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வாங்கு, வயர் ஒட்டும் நாடா சுற்றிய ரிமோட்டுகள். மணிக்கணக்கில் காசு. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் டிவி அணையும்; தொழுகை முடிந்து அரை மணி கழித்துத்தான் மீண்டும் திறக்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் போய்வந்த யாராவது கொண்டுவந்த சீடி. அது நகல் சீடி என்பதையோ, நகல் என்றால் என்ன என்பதையோ வாங்கில் இருந்த யாரும் யோசித்ததில்லை.

அந்தச் சீடியைப் போட்டால் தொடக்கத்தில் பத்து வீரர்கள் இருப்பார்கள். மற்றவர்கள் பூட்டப்பட்டிருப்பார்கள். ஒருவரை எடுத்து ஆர்கேட் மோடைக் கடைசி வரை முடித்தால் இன்னொருவர் திறப்பார். மெமரி கார்ட் இல்லாத பெட்டி என்றால் நிறுத்தியதும் எல்லாரும் திரும்பப் பூட்டிக்கொள்வார்கள். மறுநாள் மறுபடி தொடங்க வேண்டும். 128 கிலோபைட் கொள்ளும் அந்தச் சிறிய அட்டையை ஒருவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால், அவனுக்கு வாங்கில் இடம் ஒதுக்கப்படும். எடி கோர்டோ என்ற வீரரை எடுப்பவனை யாரும் மதிப்பதில்லை. ரிமோட்டில் கண்டபடி அமுக்கினாலும் எடி காலைச் சுழற்றி வென்றுவிடுவான் என்பதால் அவனை எடுக்கக்கூடாது என்று கடைகள் தாங்களே சட்டம் போட்டிருந்தன. ஆட்டத்தை உருவாக்கிய நாம்கோ கொம்பனி விட்ட ஒரு சமனின்மையை முன்னறையில் இருந்த பொடியன்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து இறங்கியது புத்தளம் மாவட்டத்தில். பத்து வருடத்துக்கு மேல் கழிந்த பிறகும் அவர்களுடைய பிள்ளைகளைத் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அகதிப் பொடியன்கள் என்றே சொன்னார்கள். நிலத்துக்கும் தொழிலுக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் இரண்டு பக்கமும் உரசல் இருந்தது. கேம் கடை வாங்கில் அந்தப் பெயர் செல்லவில்லை. வென்றவன் இருப்பான், தோற்றவன் எழும்பி ரிமோட்டைக் கொடுப்பான். முகாமிலிருந்து வந்தவன் ஹ்வோராங் என்ற வீரரை எடுத்து நாலு பேரை எழுப்பிவிட்டால், ஐந்தாவது ஆள் அவனிடம் அந்த உதையை எப்படிப் போடுவது என்று கேட்டாக வேண்டும். நான் பார்த்த அளவில், ஊர்ப் பிள்ளையும் முகாம் பிள்ளையும் முழுச் சமமாக உட்கார்ந்த இடங்கள் அதிகமில்லை. இந்தச் சமம் வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: இருவருக்கும் கிடைக்கும் வீரர்கள் ஒரே வட்டில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

சிலம்படி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்புகள் இரண்டும் ஒத்த கம்புகள் என்று கூடியிருப்பவர்கள் பார்த்த பிறகுதான் வட்டத்துக்குள் இறங்குவார்கள். கூடுதல் கம்பு காசுக்குக் கிடைக்கும் என்று அங்கே ஒருவர் விற்க நின்றால் அந்த ஆட்டத்துக்குப் பெயர் வேறு.

இனி, கொம்பனிகளின் பக்கம் உள்ள வலுவான வாதத்தைப் பார்க்க வேண்டும். சண்டை ஆட்டம் என்றைக்குத்தான் முடிந்த பொருளாக வந்தது? ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டு 1991இல் வந்தது. 1992இல் சாம்பியன் எடிஷன் வந்து, அதுவரை எதிரிகளாக மட்டும் இருந்த நான்கு பெரியவர்களையும் ஆடுபவரின் கையில் கொடுத்தது. அதைக் களவாக மாற்றி, பறந்துகொண்டே தீப்பந்து எறியும் வேகமான பலகைகளைச் சிலர் கடைகளுக்கு விற்றார்கள். ரெயின்போ எடிஷன் என்று பெயர். சனம் அந்தப் பக்கம் சாய்வதைக் கண்டு கப்கொம் அதே வருடம் வேகம் கூட்டிய ஹைப்பர் ஃபைட்டிங்கை வெளியிட்டது. 1993இல் சூப்பர், 1994இல் சூப்பர் டர்போ. மூன்று வருடத்துக்குள் ஐந்து வடிவங்கள். இன்றைக்குச் சண்டை ஆட்டத்தின் உயிராக இருக்கும் கொம்போவும், அதாவது ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்குத் தடுக்க முடியாதபடி தொடர்வதும், திட்டமிட்டு வைத்ததில்லை. கார் உடைக்கும் ஊக்கச் சுற்றைச் சோதித்தபோது அடிகள் இடைவெளியின்றி விழுவதைத் தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனமிசு கவனித்தார். யாருக்கும் எளிதில் வராது என்று நினைத்து விட்டுவைத்தார்கள். பிழையாகப் பிறந்த ஒன்றிலிருந்து ஒரு கலையே வளர்ந்தது.

இந்த வரலாறு எனக்குப் பிடித்த வரலாறு. எந்தச் சண்டை ஆட்டத்தையும் ஆக்கியவர் தனியாக முடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான கைகள் ஆடிப் பார்த்த பிறகுதான் எந்த வீரர் அதிகம் பலமானவர், எந்த அடியில் ஓட்டை இருக்கிறது என்பது தெரியவரும். அது ஆடுபவர் கண்டுபிடித்து நிறைக்கும் குறை. எடியை எடுக்கக்கூடாது என்ற எங்கள் கடைச் சட்டமும் அந்த வகைதான். ஆனால் 2016இல் ஆர்கேட் மோட் இல்லாமற்போனது யாரும் ஆடிக் கண்டுபிடித்த குறையில்லை. விற்பவருக்கு விற்கும் நாளிலேயே தெரிந்த குறை. இரண்டையும் ஒரே சொல்லால் மூடி, ஆட்டங்கள் எப்போதும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று சொல்லும்போது, முதலாவதன் கண்ணியத்தை இரண்டாவது திருடிக்கொள்கிறது. ஆர்கேட் காலத்தில் புதிய வடிவத்துக்கான செலவு பெரும்பாலும் பலகை வாங்கும் கடைக்காரர் தலையில் விழுந்தது. ஆடுபவன் போட்ட நாணயத்துக்கு அன்றைய முழு ஆட்டமும் கிடைத்தது. வீட்டுக்கு வாங்கியவர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் புதிதாகக் காசு கொடுத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் வாங்கிய கார்ட்ரிட்ஜ் எதுவும் நாளைக்கு ஒரு சேர்வரைக் கேட்டு நிற்கவில்லை.

பூட்டு என்பதிலும் எனக்குக் கோபமில்லை. டெக்கன் 3இலும் பாதிக்கு மேல் பூட்டுத்தான். திறவுகோலும் அதே சீடிக்குள் இருந்தது, உழைத்தால் கிடைத்தது. 2012 மார்ச்சில் கப்கொம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனை வெளியிட்டபோது, வட்டைத் துருவிப் பார்த்தவர்கள் அதற்குள் 12 வீரர்கள் ஏற்கனவே இருப்பதைக் கண்டார்கள். பின்னால் காசுக்கு விற்பதற்காக வைத்திருந்தவர்கள். சோனியின் வீடா கைக்கருவிக்கான பதிப்பில் அவர்களை முதலிலேயே தரும் திட்டம் இருந்தது. முறைப்பாடு போனபோது கப்கொம் சொன்ன பதில், வட்டில் இருந்தாலும் பிறகு பதிவிறக்கினாலும் தங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் கொண்டுசேர்க்கும் முறையில் மட்டுமே என்பது. அவர்கள் பக்கத்துக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த வட்டுக்குள், தனக்கு அனுமதியில்லாத 12 பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளையின் கணக்கு வேறு. எந்த உழைப்பும் அந்தக் கதவைத் திறக்காது. அட்டை இலக்கம் மட்டும் திறக்கும்.

ரசிகர்கள் புலம்பிக்கொண்டு மட்டும் இருந்தார்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. 2006இல் எக்ஸ்பொக்ஸ் 360க்கு வந்த ஹைப்பர் ஃபைட்டிங்கின் இணைய ஆட்டம் தாங்க முடியாத தாமதத்தோடு இருந்ததைக் கண்டு, சண்டை ஆட்டங்களுக்கான எவோ போட்டியை நிறுவியவர்களில் ஒருவரான டோனி கெனன் தானே ஒரு மென்பொருள் எழுதினார். எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓடவிட்டு, ஊகம் பிழைத்தால் சில கணங்கள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் முறை. ஜிஜிபிஓ என்ற அந்த மென்பொருள் 2019இல் எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறக்கப்பட்டது. இன்று தூரத்து ஊர்கள் இரண்டு ஓரளவு நேர்மையாகச் சண்டையிட முடிவது அந்த முறையால்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஐந்தின் இணைய ஆட்டத்தில் ஒருவர் மற்றவரை விடப் பின்தங்கிப்போகும் கோளாறு வெளியாகி நாலு வருடமாக இருந்தது. 2020 ஜனவரியில் கணினியில் ஆடும் ஒருவர் அதைச் சொந்தமாகத் திருத்தி எல்லாருக்கும் கொடுத்தார். அடுத்த மாதமே கப்கொம்மின் திருத்தமும் வந்தது. ஒரு தனி ஆள் வீட்டிலிருந்து செய்யக்கூடியது நாலு வருடம் ஏன் நடக்கவில்லை என்று கேட்கும் உரிமை ரசிகருக்கு இருக்கிறது.

சோனியின் நாட்டுப் பட்டியலில் பாகிஸ்தானும் இல்லை. அங்கே லாகூரின் ஆர்கேட் கடைகளில் ஆடி வளர்ந்த அர்சலான் ஆஷ் 2019 பெப்ரவரியில் ஜப்பான் எவோவில் டெக்கன் 7 போட்டியை வென்றார். விசாச் சிக்கலால் அலைந்து அலைந்து போய்ச் சேர்ந்த பயணம் அது. தன் ஊரில் தன்னைப் போல் ஆடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கொரியாவின் பெரிய ஆட்டக்காரர்களே பிறகு நேரில் போய்ப் பார்த்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோவும் அவருக்கே. பட்டியலில் பெயரில்லாத ஊரிலும் ஒரு பெட்டி, ஒரு வாங்கு, முழு ஆட்டம் மூன்றும் இருந்தால் என்ன விளையும் என்பதை அந்த வருடம் உலகம் பார்த்தது. இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் இப்போது மெல்ல மெல்ல உருவிக்கொண்டிருக்கிறார்கள்.

டெக்கன் 8 வரும்போது முழுதாகத்தான் வந்தது. விமர்சகர்கள் எல்லாரும் பாராட்டி எழுதி முடித்த பிறகு, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, உடுப்புகளைக் காசுக்கு விற்கும் கடை ஒன்று ஆட்டத்துக்குள் திறந்தது. 2025 ஏப்ரலில் வந்த இரண்டாம் பருவ மாற்றம் தற்காப்பைச் சுருக்கித் தாக்குதலைத் தூக்கிவிட்டது என்று உலகின் முன்னணி ஆட்டக்காரர்களே எதிர்த்தார்கள். அவசரத் திருத்தம் போட வேண்டியிருந்தது. முடிவு எப்படிப் போனாலும், ஒருவர் பழகிக் கைவந்த ஆட்டத்தை அவர் அனுமதியில்லாமல் இன்னோர் ஆட்டமாக மாற்றலாம் என்ற அதிகாரம் அங்கே தெரிந்தது. வோர்னர் பிரதர்ஸின் மல்டிவெர்சஸ் என்ற சண்டை ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஜூலையில் திறந்த சோதனை வடிவம் என்று இலவசமாக வந்தது. அந்தச் சோதனை வடிவத்துக்கே 100 டொலர் வரை விலையுள்ள பொதிகளை விற்றார்கள். 2023 ஜூனில் மூடினார்கள். 2024 மே 28இல் மறுபடி வெளியிட்டார்கள். 2025 மே 30இல் சேர்வர்களை நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காலத்தில் இணைப்பில் வந்து போனவர்களுக்கு மட்டும் தனியாக ஆடும் வடிவம் மிஞ்சியது. முடிக்காத பொருளாக விற்பனைக்கு வந்து, முடிந்த பொருளாக ஒரு வருடம் நடந்து, போய்விட்டது.

நகல் சீடியில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதைக் கேட்க என்ன உரிமை என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் வாங்கிலிருந்து நாம்கோவுக்கு ஒரு சதமும் போயிருக்காது. ஆனால் விற்பனையே செய்யாத சந்தையில் நகல்தான் ஓடும். 1998இல் அசல் டெக்கன் 3 வட்டைப் புத்தளத்தில் எந்தக் கடையில் வாங்கியிருக்க முடியும்? இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. இந்தக் கரையில் அசல் வட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்; 22,000 ரூபா கொடுத்து, அல்லது ஆடி முடித்தவரிடம் செகண்ட் ஹேண்டில். கைமாறிய வட்டோடு முன்னவர் வாங்கிய மேலதிக வீரர்கள் வருவதில்லை, அவர்கள் முன்னவருடைய கணக்கோடு போய்விடுகிறார்கள். காசு கொடுத்து நேர்மையாக வாங்கத் தொடங்கிய தலைமுறைக்குக் கிடைப்பது, நகல் வாங்கிய தலைமுறைக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த ஆட்டம். கொம்பனிகள் வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு விதமாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையில்லை. 2023 ஜூன் 2இல் அதே கப்கொம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆறை வெளியிட்டது. 18 வீரர்கள், ஒவ்வொருவருக்கும் ஆர்கேட் மோட், தனியாக ஆடுபவருக்கென்றே பெரிய நகரம் ஒன்றைச் சுற்றிவரும் நீண்ட கதை, எல்லாம் முதல் நாளே. புதிய வீரர்களை அதற்குப் பிறகும் விற்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. முதலில் வாங்கியது தன் காலில் நிற்கிறது.

வாங்கியது தன் காலில் நிற்க வேண்டும் என்று ஐரோப்பாவில் ஒரு கோரிக்கை எழுந்தது. 2024இல் யுபிசொஃப்ட் த க்ரூ என்ற கார் ஓட்ட ஆட்டத்தின் சேர்வரை நிறுத்தி, வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் ஆக்கியபோது, ரோஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இயக்கம் அது. விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போக வேண்டும் என்ற அந்த மனுவில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் கையொப்பமிட்டார்கள். நாங்கள் அதில் கையொப்பமிட முடியாது. எங்களிடம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவரைத் தவறாக எண்ணவைத்து விற்பதை அது தடை செய்கிறது. அரிசியின் நிறையையும் பால்மாவின் விலையையும் பார்க்கும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு கேம் பெட்டியும் படலாம். கேட்பது பெரிதொன்றுமில்லை. இணைப்பே இல்லாத ஒரு வீட்டில் இந்த வட்டைப் போட்டால் எந்தெந்தப் பகுதி ஓடும், எத்தனை வீரர்கள் இருப்பார்கள், எந்தப் பிராந்தியத்துக் கணக்கோடு மட்டும் மிச்சம் ஒட்டும் என்று பெட்டியின் முதுகில் தெளிவாக அச்சிடட்டும். 2016இல் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், றியாத் கடையில் அதைக் கையில் எடுத்த ஒரு வாப்பா, படித்துவிட்டுத் திரும்ப வைத்து, பக்கத்திலிருந்த வேறொன்றை எடுத்திருப்பார்.